வீட்டுக்குப் பட்ஜெட் போட்டேன், வாசலுக்குப் போடலை

வீடு கட்டுறதைப் பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். ஹோம் லோன், பிளாட்டா மனையா, எந்த வயசுல வாங்கலாம், எல்லாம் பேசியாச்சு. இன்னைக்கு எழுதப்போறது யாருமே கேட்காத ஒரு அயிட்டம். ரோட்டிலிருந்து உங்க கார் வீட்டுக்குள்ள வர்ற அந்தப் பத்துப் பதினைந்து அடி. டிரைவ்வேன்னு சொல்லுங்க, ராம்ப்னு சொல்லுங்க, சாய்தளம்னு சொல்லுங்க. அதுல நான் ஏமாந்தேன். ஆடிட்டர் வீட்டுலேயே கணக்கு தப்பினதுன்னு என் மனைவி இன்னும் சொல்லிக்காட்டுவாங்க. பரவாயில்லை, உங்களுக்காவது உபயோகமா இருக்கட்டும்.

எங்க மனை சிறுசேரிக்கும் தாழம்பூருக்கும் நடுவுல ஒரு லேஅவுட்ல இருக்கு. அரை கிரவுண்டு, 30க்கு 40. சிப்காட் ஐடி பார்க்குக்குப் பக்கம்னு சொல்லி வித்தாங்க, அது உண்மைதான். சொல்லாம விட்டது, மனை சரிவுங்கிறது. மலைப்பிரதேசச் சரிவெல்லாம் இல்லை. முன்பக்கம் ரோட்டைவிட ஓரடி கீழே, பின் மூலை இரண்டரை அடி கீழே. வெயில் காலத்துல போய்ப் பார்த்தா கண்ணுக்கே தெரியாது. நிலத்தைப் பார்க்க யாரும் ஐப்பசில போறதில்லையே.

இந்தப் பக்கம் வீடு கட்டுற எல்லார் மனசுலயும் ஒரு பயம் இருக்கு. 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை கொட்டினதும், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டதும் யாருக்கும் மறக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் அதை மறுபடி ஞாபகப்படுத்திட்டுப் போச்சு. அதனால மேஸ்திரி கேட்கிற முதல் கேள்வியே, "சார், பேஸ்மட்டம் எவ்வளவு தூக்கலாம்?" பக்கத்து வீட்டுக்காரர் இரண்டடி தூக்கியிருந்தா நாம மூணு. அடுத்து வர்றவர் நாலு. நானும் மூணடி தூக்குங்கன்னு சொன்னேன். அந்த முடிவு தப்பில்லை. மூணடி எங்கே தூக்கணும், எங்கே தூக்கக்கூடாதுன்னு நான் கேட்காததுதான் தப்பு.

கான்ட்ராக்டர் மனை முழுக்க ஒரே மட்டத்துக்கு மண் நிரப்பிட்டார். போர்ட்டிகோ தரை, வீட்டுத் தரையைவிட அரை அடிதான் கீழே. அதாவது ரோட்டிலிருந்து இரண்டரை அடி உயரத்துல என் கார் நிற்கணும். முன்னாடி நாங்க விட்ட இடம் அஞ்சடி. இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுங்க. கார் ஏறுற சாய்தளத்துக்கு 1-க்கு 8ங்கிறது வசதியான அளவு. ஓரடி ஏற எட்டடி ஓட்டம் வேணும். 1-க்கு 6 வரைக்கும் சமாளிக்கலாம். அப்போ இரண்டரை அடி ஏற இருபது அடி வேணும். என்கிட்ட இருந்தது அஞ்சு.

மீதி எங்கே போகும்? எல்லாரும் எங்கே விடுறாங்களோ அங்கேதான். ரோட்டு மேல. மேஸ்திரி ரொம்ப சாதாரணமா, "நாலடி வெளியே இழுத்துக்கலாம் சார், எல்லாரும் அப்படித்தான்" அப்படின்னார். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது, 2022 தை மாசம். தலையாட்டிட்டேன். அப்பவும் சரிவு 1-க்கு மூணரைதான் வந்தது. கார் ஏறும்போது முன் பம்பர் உரசும், இறங்கும்போது அடிவயிறு உரசும். செலவு 85,000. வீட்டு பட்ஜெட்ல இந்த அயிட்டமே கிடையாது, அதனால எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுத்தேன். "எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க"ன்னு வீடியோ போட்ட அதே மாசம்!

என் எக்செல் ஷீட்ல இந்த அயிட்டம் ஏன் இல்லைன்னு யோசிச்சா, பதில் கொட்டேஷன்லதான் இருக்கு. சதுர அடி ரேட்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வீட்டுச் சுவருக்குள்ளதான். அது முடிஞ்சதும் சின்ன எழுத்துல ஒரு பட்டியல் இருக்கும்: காம்பவுண்ட் சுவர், கேட், சம்ப், செப்டிக் டேங்க், மண் நிரப்புறது, வெளியே தரை போடுறது, எல்லாம் தனி. பேஸ்மட்டமும் ரோட்டிலிருந்து இத்தனை அடி வரைக்கும்தான் ரேட்டுக்குள்ள, அதுக்கு மேல ஒவ்வொரு அடிக்கும் எக்ஸ்ட்ரா. சமதளமான மனையில இந்தப் பட்டியல் சின்னது. சரிவு மனையில இதுவே ஒரு தனி வீடு மாதிரி வளரும்.

மண் கணக்கை மட்டும் பாருங்க. 1,200 சதுர அடிக்கு ஓரடி நிரப்பினா 1,200 கன அடி, நம்ம ஊர்க் கணக்குல 12 யூனிட். எங்க மனை சராசரியா ரோட்டைவிட ஒண்ணே முக்கால் அடி பள்ளம். ரோடு மட்டத்துக்குக் கொண்டு வரவே 21 யூனிட். அதுக்கு மேல இரண்டரை, மூணு அடின்னா இன்னும் 30க்கு மேல. தண்ணி விட்டு இடிச்சா மண் அமுங்கும், அதுக்கு இன்னொரு கால் பங்கு சேர்த்துக்கோங்க. லாரி லோடு எத்தனை யூனிட்னு டிரைவர் சொல்றதை நம்பாம டேப் வச்சு அளந்து பாருங்க. மனை விலையில சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைச்சு வாங்கிட்டோம்னு சந்தோஷப்பட்ட நண்பர்கள் பலர், அந்தக் காசை அப்படியே மண் லாரிக்குக் கொடுத்திருக்காங்க. அதனால இனி யாராவது சரிவு மனை பேசினா, முதல்ல ஒரு சர்வேயரை வச்சு லெவல் எடுக்கச் சொல்றேன். சில ஆயிரம் ரூபாய் ஆகும். நாலு மூலையும் ரோட்டு நடுவிலிருந்து எவ்வளவு மேல, எவ்வளவு கீழன்னு ஒரு பேப்பர்ல வரும். விலை பேசும்போது அந்தப் பேப்பரைவிடப் பெரிய ஆயுதம் கிடையாது.

சரி, என் கதைக்கு வர்றேன். மிக்ஜாம் மழையில எங்க ஹால்ல ஒரு சொட்டுத் தண்ணி வரலை. தெருவுல முழங்கால் அளவு. நான் மாடியில நின்னு பெருமையா போட்டோ எடுத்துட்டு இருந்தேன். அப்பதான் பார்த்தேன், எங்க மனையில முன்னாடி தேங்கி நின்ன தண்ணி, நாங்க மண் தூக்கினதால இப்ப பின்பக்கத்து பழைய வீட்டுக்குப் போகுது. அது பத்து வருஷத்துக்கு முன்னாடி ஓரடி பேஸ்மட்டத்துல கட்டின வீடு. முன்பக்கம் தெருவுல, எங்க ராம்ப்பும் இன்னும் நாலு வீட்டு ராம்ப்பும் ரோட்டோரத்துல தண்ணி ஓடற வழியை அணை மாதிரி மறிச்சு நின்னுது. பின்வீட்டு ரிட்டயர்டு சார் மறுநாள் ஹால்ல சேறு வழிச்சுட்டு இருந்தார். எங்ககிட்ட சண்டை போடலை. "பரவாயில்லை தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க" அப்படின்னார். சண்டை போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் தெருவுல மழைநீர் வடிகால் வேலை ஆரம்பிச்சுது. ரோட்டுல நீட்டின நாலடியை ஜேசிபி அரை மணி நேரத்துல எடுத்துடுச்சு. நஷ்ட ஈடெல்லாம் கேட்க முடியாது, அது என் இடமே இல்லை. மிச்சம் நின்னது அஞ்சடி ஓட்டத்துல இரண்டரை அடி உயரம். அது ராம்ப் இல்லை, சறுக்குமரம். மூணு மாசம் காரைத் தெருவுலயே நிறுத்தினேன். அப்பாவுக்கு முட்டி வலி. அந்தச் சரிவுல இறங்கப் பயந்து சாயங்கால நடையையே விட்டுட்டார்.

அப்புறம்தான் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு ஒழுங்கா உட்கார்ந்து யோசிச்சோம். அவர் சொன்னது ரொம்ப எளிமை. "வீடு உயரமா இருக்கணும் சார், கார் எதுக்கு உயரமா நிக்கணும்?" வீட்டுத் தரை மூணடியிலயே இருக்கட்டும். போர்ட்டிகோவை ரோட்டிலிருந்து ஓரடிக்கு இறக்குங்க. ஓரடி ஏற 1-க்கு 8 கணக்குல எட்டடி வேணும். முன்னாடி அஞ்சடி இருக்கு, போர்ட்டிகோவோட 17 அடில முதல் மூணடியையும் சரிவா விட்டுடலாம். மீதி 14 அடி சமதளம், நாலு மீட்டருக்குள்ள இருக்கிற காருக்குப் போதும். போர்ட்டிகோவிலிருந்து வீட்டுக்குள்ள போக நாலு படி, பக்கத்துல கைப்பிடி. ரோட்டுல ஓரங்குலம்கூட நீட்ட வேண்டாம்.

கட்டும்போதே இப்படிச் செஞ்சிருந்தா மண்ணும் மிச்சம். 22க்கு 10 அடி இடத்துல ஒன்றரை அடி குறைச்சு நிரப்பினா மூணு யூனிட்டுக்கு மேல குறையும். கட்டி முடிச்ச பிறகு செஞ்சதால என்ன ஆச்சு? தரையை உடைக்கணும், மண்ணை வெளியே எடுக்கணும், அந்த மண்ணைக் கொட்டவும் காசு. அதைவிடப் பெரிய தலைவலி, சம்ப் போர்ட்டிகோவுக்கு அடியிலதான் இருக்கு. மேல் ஸ்லாப் பழைய மட்டத்துல இருந்தது, அதையும் உடைச்சு ஒன்றரை அடி கீழே புதுசா கார் வெயிட் தாங்குற மாதிரி போடணும். மொத்தம் 2,40,000. முதல் 85,000-ஐயும் சேர்த்தா மூணேகால் லட்சம். ஆரம்பத்துலயே வரைபடத்துல போட்டிருந்தா ஒரு லட்சத்துச் சொச்சத்துல முடிஞ்சிருக்கும்னு அதே இன்ஜினியர் எஸ்டிமேட் போட்டுக் காட்டினார். அந்தப் பேப்பரை நான் பத்திரமா வச்சிருக்கேன்.

என் கருத்தை நேராவே சொல்றேன். ரோட்டு மேல ராம்ப் போடுறது சட்டப்படி ஆக்கிரமிப்பு, அது தெரிஞ்சதுதான். ஆனா நான் அதை வேண்டாம்னு சொல்றது நல்ல பிள்ளைத்தனத்துக்காக மட்டும் இல்லை. நிதி ரீதியா அது கேவலமான முதலீடு. உங்க பேர்ல இல்லாத நிலத்துல, எந்த நாளும் உடைக்கப்படலாம்னு தெரிஞ்சே போடுற காசு அது. "எல்லாரும் போட்டிருக்காங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்வாங்க. சீட்டுக் கம்பெனில பணம் போட்டவங்களும் இதே வசனத்தைத்தான் சொன்னாங்க.

"ரோடு வருஷா வருஷம் உயர்ந்துட்டே போகுதே, ஓரடி எப்படிப் பத்தும்?" இது நியாயமான கேள்வி. பழைய ரோட்டு மேலயே புது ரோடு போட்டுப் போட்டு வீடெல்லாம் பள்ளத்துல போன கதை சென்னை முழுக்க இருக்கு. 2021 மே மாசம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவே போட்டார். உங்க தெருவுல ரோடு போட வரும்போது அந்த உத்தரவை ஞாபகப்படுத்துங்க. லேஅவுட் சங்கமா நாலு பேர் நின்னு கேட்டா, வீட்டுக்கு ஆறு அங்குலம் மண் நிரப்புற காசு மிச்சம். என்னைக் கேட்டா, ரொம்பப் பள்ளமான மனையில இன்னும் நேர்மையான தீர்வு ஸ்டில்ட். கீழே தூண் மட்டும், கார் ரோட்டை ஒட்டின மட்டத்துல, வீடு முதல் மாடியில. கம்பி, கான்கிரீட் செலவு கூடும். ஆனா பள்ளம் முழுக்க மண் நிரப்புறது, பேஸ்மட்டம், ராம்ப் மூணையும் கூட்டிப் பார்த்துட்டு ஒப்பிடுங்க. வித்தியாசம் நீங்க நினைக்கிற அளவு இருக்காது. தண்ணியும் அடுத்தவர் வீட்டுக்குப் போகாம உங்க தூண்களுக்கு நடுவுல கொஞ்ச நேரம் நிற்கும். வயசான பெற்றோருக்கு மாடி ஏறணும்ங்கிறது மட்டும் பெரிய குறை, அதை நான் மறைக்கலை.

இப்ப நம்ம சப்ஜெக்ட், காசு எங்கிருந்து? ஹோம் லோனுக்கு அப்ளை பண்ணும்போது இன்ஜினியர் எஸ்டிமேட் ஒண்ணு கொடுப்பீங்களே, அதுலயே காம்பவுண்ட், சம்ப், டிரைவ்வே எல்லாத்தையும் சேர்த்துடுங்க. பேங்க் அந்த எஸ்டிமேட்டை வச்சுத்தான் லோன் தொகையை முடிவு பண்ணும், கட்டக் கட்ட ஸ்டேஜ் ஸ்டேஜா விடுவிக்கும். எஸ்டிமேட்ல இல்லாத வேலைக்குக் கடைசில வந்து கேட்டா கிடைக்கிறது கஷ்டம். அப்புறம் பர்சனல் லோன்தான்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. இரண்டரை லட்சத்தை 8.5% ஹோம் லோன்ல 20 வருஷத்துக்குப் போட்டா இஎம்ஐ சுமார் 2,170 ரூபாய்தான். ஆனா மொத்த வட்டி 2,70,000-ஐத் தாண்டும். அதே தொகை 14% பர்சனல் லோன்ல மூணு வருஷம்னா இஎம்ஐ 8,545, மொத்த வட்டி 57,600 பக்கம். வட்டி விகிதம் குறைவா இருக்கிறதால மட்டும் ஒரு கடன் மலிவாகிடாது. நான் சொல்றது, ஹோம் லோன்லயே எடுங்க, ஆனா அந்த 8,500 ரூபாயை மாசாமாசம் கட்டுற மாதிரி நினைச்சு மிச்சத்தை முன்கூட்டியே அடைங்க. ஃப்ளோட்டிங் ரேட் ஹோம் லோனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கட்டுவேன்னு மனசுல நினைச்சுக்கிட்டா மட்டும் பத்தாது, ஆட்டோ டெபிட் போடுங்க.

"வரிச் சலுகை கிடைக்குமே"ன்னு உடனே கேட்பீங்க. புது வரி முறையில, நீங்களே குடியிருக்கிற வீட்டு லோன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையிலயும் வருஷத்துக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. 40 லட்சம் லோன் வச்சிருந்தா முதல் வருஷ வட்டியே அதைத் தாண்டிடும், டிரைவ்வேக்காக எடுத்த கூடுதல் கடனுக்கு ஒரு பைசா சலுகை வராது. அதனால வரியை நினைச்சுக் கடனை ஏத்தாதீங்க.

வரி வேற இடத்துல உதவும். உங்க எல்லைக்குள்ள போட்ட டிரைவ்வே, தடுப்புச் சுவர், காம்பவுண்ட் எல்லாம் வீட்டோட மூலதனச் செலவு. நாளைக்கு விக்கும்போது லாபத்திலிருந்து கழிச்சுக்கலாம். 12.5% நீண்டகால மூலதன ஆதாய வரின்னு வச்சா, 3 லட்சத்துக்கான பில் 37,500 ரூபாய் வரியை மிச்சப்படுத்தும். பில் இருந்தாத்தான். சிமென்ட், கம்பி, பேவர் பிளாக் எல்லாம் உங்க பேர்ல பில்லோட வாங்குங்க. சிமென்ட்டுக்கு 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. கூலி மட்டும் கான்ட்ராக்ட்னா தனி வீடு கட்டுறதுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு, பொருளோட சேர்த்துன்னா 18%. எப்படியானாலும் மேஸ்திரிக்கு பேங்க் வழியாவே அனுப்புங்க. என் 85,000-ல 60,000 ரொக்கமாப் போச்சு, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இன்ஷூரன்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. பேங்க்ல லோனோட சேர்த்து விக்கிறது பெரும்பாலும் உங்க உயிருக்கான பாலிசி, வீட்டுக்கானது இல்லை. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரு ஸ்டாண்டர்டு பாலிசி 2021 ஏப்ரல்லிருந்து இருக்கு. வெள்ளம், புயலுக்கு அதுல கவர் உண்டு. வீட்டோட காம்பவுண்ட் சுவர், கேட், தடுப்புச் சுவர், வளாகத்துக்குள்ள இருக்கிற பாதை வரைக்கும் சேர்த்துக்கலாம். தொகை போடும்போது அதோட செலவையும் சேர்த்துச் சொல்லுங்க. வளாகத்துக்குள்ளங்கிற வார்த்தையைக் கவனிச்சீங்களா? ரோட்டுல நீட்டின நாலடி அதுல வராது.

தரைக்கு என்ன போடலாம்னு கேட்டா, புதுசா நிரப்பின மண்ணுல உடனே கான்கிரீட்டும் டைல்ஸும் போடாதீங்க. ஒரு மழைக்காலம் போனா மண் இறங்கும், விரிசல் விடும். பேவர் பிளாக் போட்டா, இறங்கின இடத்துல மட்டும் பேர்த்து எடுத்து மணல் போட்டுத் திரும்ப அடுக்கிக்கலாம். வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். கேட்டை ஒட்டி உள்பக்கமா குறுக்கே ஒரு கால்வாய், மேல இரும்பு கிரேட்டிங், அதை மழைநீர் சேகரிப்புக் குழியோட இணைச்சுடுங்க. 2003-லிருந்து தமிழ்நாட்டுல கட்டாயம்தான் அது, ஆனா பல வீட்டுல பிளான்ல மட்டும்தான் இருக்கு.

நாங்க அந்தக் குழியைக் கொஞ்சம் பெருசாவே தோண்டினோம், பின் எல்லையிலயும் ஒண்ணு. போன மழையில பின்வீட்டு சார் வாசல் வரைக்கும் தண்ணி வந்து நின்னுடுச்சு, உள்ளே போகலை. அது குழியாலயா, வடிகாலாலயா, இல்லை மழை குறைவுதானான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பா கைப்பிடியைப் பிடிச்சு நாலு படி இறங்கி, சாயங்காலம் அவரைப் பார்க்கத்தான் போறார். வீல்சேர் தேவைப்படுற நாள் வந்தா அந்த இரண்டடிக்கு 24 அடி சாய்தளம் வேணும், அதுக்கு எங்க மனையில இடமில்லை. அதுக்கு ஒரு சின்ன லிஃப்ட் என்ன விலைன்னு இப்பவே விசாரிச்சு, தனியா மாசம் 3,000 ரூபாய் ஆர்டி போட ஆரம்பிச்சிருக்கேன்.

உங்க மனையில ரோட்டுக்கும் வாசலுக்கும் எத்தனை அடி உயரம், முன்னாடி எத்தனை அடி இடம்னு இந்த ரெண்டு நம்பரை மட்டும் கமெண்ட்ல போடுங்க. கொட்டேஷன்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி போட்டீங்கன்னா இன்னும் நல்லது.